வேலியில் ஒரு வழி

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 2023இல் அகலப்பாதையில் போடிக்கு மீண்டும் ரயில் வந்தபோதும் எங்களுக்குப் பழையதே வேண்டியிருந்தது. சகோதரர்கள் இருவரும், உசிலம்பட்டிக்கு அருகே நாங்கள் வளர்ந்த இடத்தை 1:87 அளவில் ஒரு பலகைமீது எழுப்பத் தொடங்கினோம். 12 மி.மீ. தண்டவாளம் எளிதில் அமைந்தது, வேலிதான் சோதித்தது.

மாத்திரை எண்ணிப் பாடம் நடத்தும் எங்களுக்கு அளவு பிழைக்கலாகாது. 1.2 மீட்டர் கல்தூண் 14 மி.மீ. ஆயிற்று, தீக்குச்சிகளை நறுக்கிச் சாம்பல்நிறம் பூசினோம். மின்கம்பியில் பிரித்த செப்பு இழை 0.1 மி.மீ.தான், ஆயினும் இந்த அளவில் அது 9 மி.மீ. கம்பிக்குச் சமம். ஆகவே தலைமுடியை இழுத்துக் கட்டினோம்.

அம்மா பார்த்துவிட்டு, "வேலி நல்லாத்தான் இருக்கு. ஒங்க அப்பா எந்த வழியா வருவாரு?" என்றார்.

கேங்மேனாக இருந்த அப்பா, வேலை முடிந்து, மூன்றாம் தூணருகே கீழ்க்கம்பியை மிதித்துக் குனிந்து நுழைவார். மேல்கம்பியைத் தூக்கிப் பிடிப்பது எங்கள் வேலை. அதை எப்படி மறந்தோம்?

அன்றிரவே அவ்விடத்துக் கீழ்முடியைத் தொய்யவிட்டோம். இப்போது மற்றத் தூண்கள் நேராக நிற்பதும் பொய்யாகத் தெரிகிறது, ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டிருக்கிறோம்.