திங்கட்கிழமை மீன்

திருப்பூரில் எங்களைப் போன்றவர்களுக்குச் சனிக்கிழமை இரவு சம்பளம். அதனால் ஞாயிறு காலை மீன் கடையில் நிற்க இடம் கிடைக்காது. நொய்யல் ஊருக்கு நடுவில்தான் ஓடுகிறது. அதில் பிடித்த மீன் என்றால் நான் தொடமாட்டேன். பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்களுக்கு மீன் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது.

நான் தொண்டிப் பக்கம் பிறந்தவள். வீட்டில் மீனுக்குப் பஞ்சமே இல்லை. அப்படியிருந்தும் அம்மா நடுத்துண்டு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு, அண்ணன்களுக்கு, பிறகு எனக்கு. கடைசியில் தலையும் வாலும் சட்டியில் ஒட்டிய மசாலாவும் அம்மாவுக்கு. “எனக்குத் தலைதான்டி பிடிக்கும்” என்பாள். ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிஃப்ட் முடிய இரவு எட்டரை. ஞாயிறு வீட்டுக்காரருக்கு லீவு, எனக்குச் செதில் உரசும் நாள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த 97 நிமிடக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ.

அதனால் திங்கட்கிழமைக்குப் புதிதாக எதுவும் சமைப்பதில்லை. ஞாயிறு பொரிக்கும்போதே நாலு துண்டை, நடுத்துண்டாகவே, தனி டப்பாவில் போட்டு, சூடு ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். முதல் தடவை மாமியார் “யாருக்கு எடுத்து வைக்கிற?” என்றார். “எனக்குத்தான் அத்தை.” அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

பொரித்த மீனை இரவு முழுக்க வெளியே வைத்துவிட்டுக் காலையில் சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களில் உண்டாகும் ஹிஸ்டமின் எத்தனை கொதி வந்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு தடித்துவிடும்.

காலையில் முள்ளை எடுத்து மீனை உதிர்க்க வேண்டும். கண்ணைவிட விரல் நம்பகமானது, துணியில் ஊசி முனை தேடுவது மாதிரி. எண்ணெயில் கடுகு, சோம்பு. ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் நேற்றைய குழம்பில் அடியில் கிடக்கும் கெட்டியான மசாலாவை இரண்டு கரண்டி ஊற்றிச் சுண்டவிடுவேன். அதில் மீனைப் போட்டுப் பிரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்கினால் புட்டு. பத்து நிமிடம்கூட ஆகாது. உப்பை மட்டும் ருசி பார்த்துப் போட வேண்டும், மீனிலும் குழம்பிலும் ஏற்கெனவே இருக்கிறது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் செக்கிங் டேபிளில் இருக்கும் ஒடிசாப் பெண் திரும்பிப் பார்ப்பாள். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், அங்கே மீன் கிடையாது. அவள் தமிழும் என் இந்தியும் தையல் மெஷின் சமாச்சாரத்தைத் தாண்டாது. ஆனால் அவள் ஊரிலும் தண்ணீர் ஊற்றிய சோற்றுக்கு மீன்தான் தொட்டுக்கொள்வார்களாம். கையாலேயே சொல்லிக் காட்டினாள். இப்போது திங்கட்கிழமை டப்பாவில் ஐந்து துண்டு.

போன மாசி மாதம் அம்மா வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் அவளை உட்கார வைத்து, சங்கரா மீனின் நடுத்துண்டை இலையில் வைத்தேன். நான் ரசம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அதைப் பேத்தியின் தட்டுக்கு மாற்றிவிட்டாள். மகள் ஒன்பது வயசு. அதை எடுத்து, பாதி பிய்த்து அம்மாவின் இலையிலேயே வைத்துவிட்டு, “முள் இருக்கு அம்மாச்சி, பார்த்துச் சாப்பிடு” என்றாள். அம்மா சாப்பிட்டாள்.