இருபது வளைவுகளும் ஒரு வேலைக் கடிதமும்

ஏற்காடு மலையின் அடிவாரத்தைத் தாண்டி பஸ் ஏறத் தொடங்கினாலே சேலத்து வெயில் பின்தங்கிவிடும். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், மழைக்காலத்தில் எங்கே பாறை சரியும் என்பதெல்லாம் பஸ்ஸில் இருந்த நிருபருக்கு மனப்பாடம். அன்று அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. சென்னையின் பெரிய நாளிதழ் ஒன்று அனுப்பிய கடிதம் செல்போனில் திறந்திருந்தது. சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு. தலைமைச் செயலகம் ‘பீட்’. பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

சிறிய பத்திரிகையில் அவருக்கு ஏழு வருடம் ஆகிறது. காலையில் கலெக்டர் ஆபீஸ், மதியம் கோர்ட், சாயங்காலம் விபத்து, ராத்திரி பொதுக்கூட்டம். படம் எடுப்பதும் அவரேதான். இப்படி எல்லாவற்றிலும் நேரடியாக இறங்கிக் கற்கும் வாய்ப்பு பெரிய இடங்களில் சுலபமாக அமையாது. ஆனால் ஏற்காட்டைப் பற்றி அவர் எழுதுவது சேலம் பதிப்போடு நின்றுவிடும். முடிவெடுக்கிற கோட்டைக்கு அது போய்ச் சேராது. அந்த ஆற்றாமையில்தான் விண்ணப்பித்தார்.

மலைக்கு வெளியூர்ப் பத்திரிகைகள் வருவதற்கும் சில நாட்கள் உண்டு. மே மாதக் கோடை விழா ஒன்று. பழங்குடியினருக்கான இந்தத் தனித்தொகுதியில் 2013 டிசம்பர் 4 அன்று இடைத்தேர்தல் நடந்தபோதும் நிருபர்கள் குவிந்தார்கள். வாக்கு எண்ணி முடித்ததும் இறங்கிப் போய்விட்டார்கள்.

இடம் மாறுவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அவருக்குக் கல்கி நினைவுக்கு வருவார். சென்னையில் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உதவியாசிரியராக இருந்த கல்கி, 1928இல் அங்கிருந்து விலகினார். அடுத்து அவர் வந்து சேர்ந்தது, அன்றைய சேலம் மாவட்டத்தில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்துக்கு. பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்கு! அங்கே மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற சிற்றிதழ். அது நீண்ட நாள் ஓடவில்லை. ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் பொறுப்பு அதற்கப்புறம்தான். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் இதே சேலம் மாவட்டத்தில். எழுத வேண்டிய விஷயம் எங்கே இருந்ததோ, அங்கே அதற்கான காலம் வரை கல்கி இருந்தார் என்றே இந்த வரலாற்றைப் படிக்கத் தோன்றுகிறது.

ஏரிக்கரையில் படகுக்கு வரிசை நீண்டிருந்தது. அவர் அங்கே நிற்காமல் சேர்வராயன் கோயில் சாலையில் ஏறினார். 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஊன்றிய காப்பி இன்று மலையெங்கும் பரவியிருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றி ஏற, நிழலில் காப்பிச் செடிகள். அந்தத் தோட்டங்களுக்கு அப்பால் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள்.

டீக்கடை வாசலில் ஒரு பாட்டி அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“பேப்பர்கார தம்பிதானே? இருங்க, வந்துர்றேன்.”

வீட்டுக்குப் போய் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரோடு திரும்பினார். உள்ளே நான்காக மடித்த பேப்பர் துண்டு. மடிப்பு ஓரங்கள் பழுப்பேறிக் கிழியத் தொடங்கியிருந்தன. சாலை இல்லாத ஊரைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் அவர் எழுதிய செய்தி அது. பெயர் போடாமல் வந்தது.

“நீங்க போட்டப்புறம் கல்லு கொட்டுனாங்க தம்பி. அதோட சரி. பிரசவத்துக்கு இன்னும் தூளி கட்டித்தான் தூக்கிட்டுப் போறோம். அப்புறம் ஏன் நீங்க வரவே இல்லை?”

அவரிடம் பதில் இல்லை. செய்தி அச்சானதும் அடுத்ததற்குப் போய்விட்டார். இந்தப் பழக்கத்தோடு கோட்டைக்குப் போனால் அங்கேயும் அமைச்சரின் அறிவிப்போடு நின்றுவிடுவோம் என்று அவருக்குப் பட்டது. தொடர்ந்து போய்க் கேட்பதை இங்கே, தெரிந்த அதிகாரிகளிடம், தெரிந்த ஊரில், ஒரு முறையாவது முழுசாகச் செய்து பார்த்துவிட வேண்டும்.

சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று சென்னைக்குப் பதில் எழுதினார்: வருகிறேன், ஒரு மாதம் அவகாசம் வேண்டும். கிடைக்காமலும் போகலாம், தெரிந்தேதான் அனுப்பினார். பிறகு பாட்டியின் பேரனைக் கூட்டிக்கொண்டு ஜல்லிக் குவியல்களை எண்ணக் கிளம்பினார். முதல் குவியலின் மேல் புல் முளைத்து முழங்கால் உயரத்துக்கு நின்றது.