குறி தப்பியது யாரால்?

கணக்கு உபாத்தியாயர் கணக்கில் தவறமாட்டார் என்று உலகம் நம்புகிறது. நாளடைவில் உபாத்தியாயரும் அதை நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கைக்குச் சென்ற வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பலத்த அடி விழுந்தது. அடித்தது ஒரு காற்றுத் துப்பாக்கி.

என் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய மேஜைக்கு எதிரே சுவரில் இளவேனில் வாலறிவனின் படம் ஒட்டியிருக்கிறது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில், 2019-ஆம் வருஷம் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றவர். அந்தப் படத்தைத் தினந்தோறும் பார்த்துப் பார்த்து, தானும் குறி பார்க்கப் பழக வேண்டும் என்று என் பெண்ணுக்கு ஆசை உண்டாகிவிட்டது.

"துப்பாக்கியா! பெண் பிள்ளைக்கா!" என்று என் தாயார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். 20 ஜூலுக்குக் குறைந்த சக்தியுள்ள 4.5 மில்லிமீட்டர்க் காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை என்று நான் விளக்கினேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த தோட்டக்கார நண்பர் ஒருவர், "அப்படியானால் சோளக்காட்டு மயிலுக்கு ஒரு வழி பண்ணலாமுங்களா?" என்றார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்லி, எங்கள் வீட்டுத் துப்பாக்கி அட்டையைத் தவிர வேறொன்றையும் சுடாது என்று உறுதி கூறினேன்.

துப்பாக்கி வந்தது. குழலை நடுவில் மடித்து வில்லை இறுக்கும் ரகம். கூடவே 'ஸ்கோப்' என்கிற தூரதிருஷ்டிக் குழாயும், அதைத் துப்பாக்கியின் முதுகில் பொருத்துவதற்கு இரண்டு வளையங்களும், சில மரையாணிகளும் வந்தன. பொருத்தும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். பட்டம் பெற்ற கணக்கு வாத்தியார் இருக்கும்போது வேறு யார் செய்வது?

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்து மீட்டர் அளந்து, மதிற்சுவரை மறைத்து மணல் மூட்டைகளை அடுக்கினோம். கண்ணுக்குக் கண்ணாடி, அப்பக்கம் ஆள் நடமாட்டம் கூடாது, சுடும் வேளை தவிர விரல் விசையருகில் போகக்கூடாது. விதிகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன. குண்டுதான் சரியாகப் போகவில்லை. ஒரு நாள் இடப்புறம் விழும். மறு நாள் கீழே விழும். ஒவ்வொரு குண்டுக்கும் நான் ஸ்கோப்பின் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினேன். நிலைமை மேலும் மோசமாயிற்று.

மூன்று வாரம் சென்றதும் பொறுமை இழந்து, "துப்பாக்கி சரியாகத்தான் இருக்கிறது. உன் கைதான் நடுங்குகிறது. இது உனக்கு வராத வித்தை" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மறுமொழி சொல்லவில்லை. துப்பாக்கியைப் பழைய வேஷ்டி ஒன்றில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். மறு நாள் பார்த்தால் சுவரில் இருந்த படத்தையும் காணோம். துப்பாக்கியைப் பரணில் வைத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படம் இல்லாத அந்த வெற்றுச் சுவரை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆடி நோம்பிக்கு அழைக்க என் மைத்துனர் வந்தார். கணபதியில் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். பள்ளிப் படிப்பு எட்டாவதோடு சரி. "அம்மிணி, துப்பாக்கிப் பழக்கம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு உள்ளே போய், சுட்ட அட்டைகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் தேதி போட்டு வைத்திருந்தாள். நான் அருகில் நின்று திருகைத் திருப்பாத நாட்களில் அவள் தனியாகச் சுட்ட அட்டைகளும் அவற்றில் இருந்தன.

மைத்துனர் தனியாகச் சுட்டவற்றைப் பிரித்தெடுத்துத் தேதி வாரியாகத் திண்ணையில் பரப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கை நடுங்கினால் குண்டு சிதறுமுங்க. இங்கே பாருங்க, ஒவ்வொரு அட்டையிலும் அஞ்சு குண்டும் ஒரே இடத்தில் ஒட்டிக்கிட்டு விழுந்திருக்குது. அந்த இடந்தான் நாளுக்கு நாள் நகர்ந்துக்கிட்டே போகுது. நகர்வது புள்ளையின் கை இல்லீங்க; வேறே ஏதோ ஒன்று" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத பட்டறையில் பரீட்சை நடந்தது. அவர் முதலில் எந்த மரையாணியையும் தொடவில்லை. துப்பாக்கியின் முதுகுத் தண்டுக்கும் ஸ்கோப் வளையத்தின் அடிப்பாகத்துக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். "இருபது குண்டு சுடு, கண்ணு" என்றார். சுட்டதும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கோடு இரண்டாக ஒடிந்திருந்தது! மேல் பாதி ஒரு மயிரிழை பின்னுக்கு வந்திருந்தது.

வெடிமருந்துத் துப்பாக்கிக்குப் பின்னுதை மட்டுந்தான். வில் வைத்த காற்றுத் துப்பாக்கிக்கோ இரண்டு உதை. வில் பிஸ்டனை முன்னே தள்ளும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் ஓடி முட்டி நிற்கும்போது முன்னால் உதைக்கிறது. இந்த இரட்டை உதையில் வளையம் வழுக்காமல் இருப்பதற்காகவே அதன் அடியில் ஒரு சிறு முளை உண்டு. துப்பாக்கியின் முதுகிலுள்ள துளையில் அதை இறக்கிவிட வேண்டும்.

"இந்த முளையை இறக்காமல் விட்டது யாருங்க?" என்றார் மைத்துனர்.

நான்தான். உபரியாக ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி மேலேயே விட்டுவிட்டேன். வளையம் வழுக்கியது மட்டுமல்ல. வழுக்கும்போது கொஞ்சம் சாய்ந்தும் வந்திருக்கிறது.

அந்தச் சாய்வின் கணக்கை மனத்திற்குள் போட்டுப் பார்த்தேன். இரண்டு வளையங்களுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர். ஒரு முனை ஒரு பரீட்சைத் தாளின் கனம், அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் விலகினால், அது ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மீட்டருக்கு அப்பால் அதே ஒரு பங்கு 10 மில்லிமீட்டர் ஆகிறது! ஒத்த முக்கோணங்கள். வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிற பாடந்தான். கொல்லைப்புறத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பிறகு முறையாக வேலை நடந்தது. முளையைத் துளையில் இறக்கி, மரையாணிகளை ஒரே பக்கமாக முடுக்காமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். குழல் மடிகிற இடத்தில் ஆட்டம் இல்லையென்று பார்த்துக்கொண்டார். எதிரே ஒரு கொத்தனார் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாய்வின்றி நிறுத்தி, ஸ்கோப்புக்குள் தெரியும் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒன்றும்படி குழாயைச் சுழற்றிப் பொருத்தினார். ஸ்கோப் குழலுக்குச் சுமார் நான்கு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. பார்வையின் கோடும் குண்டின் பாதையும் குறித்த தூரத்தில் சந்திக்கும்படி செய்வதே குறி சேர்ப்பது. துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்தால் அந்தச் சந்திப்பும் பக்கவாட்டில் ஓடிவிடும்.

அதன்பின் ஐந்து குண்டு. துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் லேசாக ஏந்தி, கண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்துச் சுட்டாள். ஐந்தும் விழுந்த பிறகே அவற்றின் நடுப்புள்ளியைக் குறித்தோம். மையத்துக்கு 21 மில்லிமீட்டர் கீழே இருந்தது. திருகின் ஒவ்வொரு 'டிக்'கும் கால் நிமிஷக் கோணம். பத்து மீட்டரில் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். ஆகவே முப்பது டிக் மேலே. ஒரு குண்டைப் பார்த்துத் திருகைத் தொடக்கூடாது என்பது அன்று நான் கற்ற இரண்டாவது பாடம். அடுத்த ஐந்து குண்டும் மையத்தில் ஒரு சுண்டைக்காய் அளவுக்குள் அடங்கின.

போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. துளை வைத்த குறிக்கருவிதான். பத்து மதிப்பெண் புள்ளியின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர். 2008-ஆம் வருஷம் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கு முன் பழகச் சுட்ட குண்டு மையத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி விழுந்தது. அவர் தன் கையைச் சந்தேகிக்கவில்லை, கருவியைச் சந்தேகித்தார். இருந்த சில நிமிஷங்களில் அதைத் திருத்தினார். நாலாவது இடத்திலிருந்தவர் 700.5 புள்ளி எடுத்து, ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சமயத்தில் அருகே ஒருவர் நின்று, "உனக்கு இது வராது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பட்டறையிலிருந்து திரும்பும் வழியில், "தவறு என்னுடையது, அம்மா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "தெரியும் அப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் தகுதியுள்ளவன்தான். ஆனால் மறு நாள் காலையில் படம் சுவருக்குத் திரும்பிவிட்டது.

அந்த வாரமே வகுப்பில் ஒரு பையனின் நோட்டைப் புரட்டினேன். அவன் வரைந்த வட்டங்களெல்லாம் தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் இருந்தன. 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் பலமுறை எழுதியிருந்தேன். அன்று அவனுடைய காம்பஸை வாங்கிப் பார்த்தேன். மரை தேய்ந்து ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. என்னுடைய காம்பஸைக் கொடுத்தேன். வட்டம் கூடிவிட்டது.

எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் முதுகில் இப்போதும் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. ஞாயிறுதோறும் சுடுவதற்கு முன் என் மகள் அதைப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "கோடு ஒடியவில்லை, அப்பா" என்கிறாள். நான் பேசாமல் மணல் மூட்டைகளைச் சரிபார்க்கப் போகிறேன்.