காத்திவாக்கத்து வாடையும் வலைப் பனியனும்

சென்னையில் குளிர் என்று யாராவது சொன்னால் உதகமண்டலத்துக்காரர் சிரிப்பார். தில்லிக்காரரோ சிரிக்கக்கூட மெனக்கெட மாட்டார். சென்னைப் பட்டணத்தில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை 13.9 டிகிரி, 1895-ம் வருஷம் டிசம்பரிலும், 1905-ம் வருஷம் ஜனவரியிலும் பதிவானது. சாதாரணமாக மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இதற்குப் பெயர் குளிரா என்று வாசகர்கள் கேட்கலாம்.

நின்றுகொண்டிருப்பவருக்கு இது குளிர் அல்லதான். ஆனால் மார்கழி மாதத்தில் காலை ஐந்து மணிக்கு ராயபுரத்திலிருந்து காத்திவாக்கத்துக்குச் சைக்கிள் மிதித்துச் செல்கிறவருடைய அபிப்பிராயம் வேறாக இருக்கும். ஆறு மணி ‘ஷிப்டு’க்குத் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டியவர்களும், விடிவதற்குள் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களும், அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் தனி வகுப்புக்குப் புறப்படும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் அந்தக் குளிரை நன்றாக அறிவார்கள்.

வழியைச் சற்றுப் பார்ப்போம். ராயபுரம் என்றவுடன் 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் நினைவுக்கு வரும். அங்கிருந்து வடக்கே திரும்பினால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகளின் விளக்குகளும் பனிக்கட்டி உடைக்கும் ஓசையும் அந்த வேளையிலேயே ஊரை எழுப்பியிருக்கும். அப்புறம் வலது கைப்புறம் கடல். அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற் குவியல். இடது கைப்புறம் துறைமுகத்துக்காகக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகள். திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமி கோயிலும், கடற்கரை ஓரத்தில் பட்டினத்தார் சமாதியும் இருக்கின்றன. ஒரு கோவணத்தோடு உலகத்தை உதறிய அந்த மகானுக்கு இந்தக் கட்டுரையால் பிரயோஜனம் எதுவுமில்லை. நம்மைப் போன்ற சம்சாரிகள் மேலே போக வேண்டும். எர்ணாவூரைத் தாண்டினால் காத்திவாக்கம். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகம் இல்லாத சமதரை.

காத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு வடக்கே கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. 1948-ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் தொழிற்சாலைதான் பிறகு அசோக் லேலண்டு ஆயிற்று. பக்கத்திலேயே அனல் மின்நிலையம் வந்தது. 2017-ல் அது மூடப்பட்டது. மீன் குப்பங்களும் புகைபோக்கிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் ஊர் இது. இங்கே சைக்கிள் என்பது உல்லாசப் பொருள் அல்ல. பிழைப்புக்குப் போகும் வாகனம். குளிர் தாங்கவில்லையென்று இரண்டு மாதம் அதைத் திண்ணையில் சாத்திவிட்டால், அந்த இரண்டு மாதமும் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் குடும்பத்தின் கைக்காசுதான் போகும்.

20 டிகிரியில் எப்படிக் குளிர் வருகிறது? மார்கழியில் வீசுவது வாடை. அதாவது வடக்கிலிருந்து வரும் காற்று. நம் பிரயாணியோ வடக்கு நோக்கியே போகிறார். காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வர, அவர் 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், அவருடைய மார்பில் மோதுவது 33 கிலோமீட்டர் வேகக் காற்று. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் அவருக்குள்ளேயே இருக்கிறது. சைக்கிள் மிதிக்கும்போது சரீரம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. பாக்கி முழுவதும் உஷ்ணமாக மாறுகிறது. திருவொற்றியூர் வருவதற்குள் முதுகு நனைந்துவிடும். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி உஷ்ணம் வேண்டும். அதைத் தோலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சித்திரை மாதத்தில் இது வரப்பிரசாதம். மார்கழியில் ரயில்வே கேட்டிலோ லாரி நெரிசலிலோ ஐந்து நிமிஷம் நின்றால், உழைப்பு நிற்கும், ஈரம் நிற்காது. அப்போதுதான் முதுகுத்தண்டில் சிலீர் என்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். ஆகையால் ஈரத் துணி உடம்போடு ஒட்டியிருக்கும்வரை அதன்மேல் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

ஈரப் பனியன்தான் சளியைக் கொண்டுவருகிறது என்று பாட்டிமார் சொல்வதுண்டு. சளியைக் கொண்டுவருவது கிருமி. ஆனால் நனைந்த துணியோடு வேலையில் நின்றால் உடம்பு நடுங்கும், தசை இறுகும், வேலையில் மனம் செல்லாது. இவையே ஒரு தொழிலாளிக்குப் போதுமான கஷ்டங்கள்.

ஆகவே உடம்போடு ஒட்டும் முதல் துணியின் கடமை வெப்பம் தருவது அல்ல. தோலை ஈரமில்லாமல் வைப்பதுதான். வெப்பம் தருவது அதற்கு மேலுள்ள சட்டையின் வேலை. காற்றைத் தடுப்பது எல்லாவற்றுக்கும் மேலுள்ள மெல்லிய அங்கியின் வேலை. இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

இந்த இடத்தில் காத்திவாக்கத்துக் கடற்கரையில் சற்று இறங்க வேண்டும். படகு நிழலில் வலை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

“இந்த வலையைப் பனியனாகப் போட்டுக்கொண்டால் குளிர் தாங்கும் என்கிறார்களே, பெரியவரே!”

அவர் ஊசியை நிறுத்திவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “ஓட்டையைப் போட்டுக்கிட்டா குளிர் எப்படி நிக்கும், சார்?” என்றார்.

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு விடை 1933-லேயே நார்வே தேசத்தில் கிடைத்துவிட்டது. அந்நாட்டு ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன் என்பவர், மத்தி மீனுக்கு உறவான ஹெர்ரிங் மீன் பிடிக்கும் வலைகளைக் கொண்டு ஓர் உள்பனியன் செய்தார். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் கொஞ்சம் காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்றைவிடச் சிறந்த கம்பளி உலகத்தில் இல்லை. வியர்வையோ கண்களின் வழியே ஆவியாக வெளியேறி மேல் சட்டையைச் சேர்கிறது. தோலைத் தொடுவது நூல் மட்டுமே. ஆகையால் ஒட்டும் ஈரமும் குறைவு. மேலே ஒரு சட்டை இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். வெறும் வலையோடு போனால் நம் பெரியவர் சொன்னதுதான் உண்மை. 1953-ல் எவரெஸ்ட் சிகரத்தில் டென்சிங்கும் ஹில்லாரியும் கால் வைத்த அந்தப் பிரயாணத்திலும் வலைப் பனியன்கள் கூடச் சென்றன.

இதையெல்லாம் சொன்னதும் பெரியவர் சிரித்தார். “அப்படின்னா ஊர்ல பாதிப் பேருக்கு எங்க குப்பத்துலேயே பனியன் இருக்குது, சார்!” என்றார்.

மீன்வலையையே மாட்டிக்கொள்ளும்படி நாம் சொல்லவில்லை. நைலான் வலை தோலை அறுத்துவிடும். கண் கண்ணாகப் பின்னிய வலைப் பனியன் நம் தமிழ்நாட்டில் வெகுநாளாகப் பழக்கத்தில் உள்ளதுதான். வீட்டுப் பெட்டியில் தாத்தாவுடையது ஒன்று கிடந்தாலும் ஆச்சரியமில்லை. மலிவான முதல் வழி அதுவே.

இரண்டாவது வழி, விளையாட்டுக்காரர்கள் அணியும் பாலியெஸ்டர் பனியன். இதன் நூல் ஈரத்தைத் தனக்குள் வாங்காது. நூலின்மேல் பரப்பி ஆவியாக்கிவிடும். திருப்பூரில் பின்னியது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். குறை என்னவென்றால் வியர்வை நாற்றம் பிடிக்கும். தினம் துவைக்க வேண்டும். இரவு அலசிப் போட்டால் காலையில் உலர்ந்திருக்கும் என்பதால் இரண்டு உருப்படி போதும். வாசனைத் திரவத்தில் நனைக்கக்கூடாது; அது நூலில் படிந்து ஈரம் பரவுவதைக் கெடுக்கும்.

மூன்றாவது, மெல்லிய ஆட்டு ரோமப் பனியன். தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரம் தெரியாது, நாற்றமும் குறைவு. ஆனால் அயல்நாட்டு மெரினோ சரக்கு பல ஆயிரம் ரூபாய். காத்திவாக்கத்துக்கு இது அவசியமே இல்லை.

அப்படியானால் நம் பருத்திப் பனியன்? அதன்மேல் நமக்குள்ள பற்றைச் சொல்லத் தேவையில்லை. கதர் இயக்கக் காலத்தில் திருப்பூர் தமிழ்நாட்டுக் கதருக்கே தலைநகரம் போல விளங்கியது. வெயில் காலத்தில் பருத்தியை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அது ஈரத்தை நூலுக்குள் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்; எளிதில் விடாது. கோடையில் குளிர்ச்சி தரும் அதே குணம் மார்கழியில் நம்மைத் தண்டிக்கிறது. பருத்திதான் இருக்கிறது என்றால், இன்னொன்றைப் பையில் எடுத்துப்போய், சேர்ந்தவுடன் மாற்றிக்கொள்வதே உத்தமம். இதற்குக் காலணாச் செலவில்லை.

எது நல்ல துணி என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழையில் கொடியில் எந்தத் துணி கடைசிவரை உலராமல் கழுத்தறுக்கிறது என்பது வீட்டில் துணி உலர்த்துகிற கைகளுக்குத் தெரியும். இரண்டு பனியன்களை நனைத்து, ஒரேமாதிரி பிழிந்து, நிழலில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முதலில் உலர்வதை உடம்போடு அணியுங்கள். கடைசியில் உலர்வதைச் சித்திரைக்கு எடுத்து வையுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். தொளதொளவென்றிருந்தால் வியர்வை துணியில் ஏறாது; உடம்போடு படிய வேண்டும். குனிந்து மிதிக்கும்போது இடுப்பு வெளியே தெரியாத நீளம் வேண்டும். அக்குளில் தடித்த தையல் இருந்தால் 12 கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும்.

காற்றைத் தடுக்கவும் பணம் வேண்டாம். பிரெஞ்சு தேசத்தைச் சுற்றும் பெரிய சைக்கிள் பந்தயத்தில், மலையுச்சியிலிருந்து இறங்கும் வீரர்கள் செய்தித்தாளைச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொள்வது பழைய வழக்கம். நாமும் செய்யலாம். இந்தப் பத்திரிகையை மட்டும் வீட்டார் அனைவரும் படித்து முடித்த பிறகு செருகிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். மேல் அங்கி வெளிர்நிறமாக இருக்கட்டும். பனிமூட்டத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கு நீங்கள் தெரிவது குளிரைவிட முக்கியம்.

இதே விதி உண்மையான குளிருக்கும் பொருந்தும். தை மாதத்தில் உதகையில் புல்லின்மேல் உறைபனி படிகிறது. அங்கே ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்துக்கு மிதித்து ஏறுகிறவர் வியர்வையில் குளிப்பார். இறங்கும்போது மிதிக்காமலே காற்றில் பறப்பார். ஏறும்போது நனைந்த பனியன் இறங்கும்போது சத்துருவாகிறது. அங்கேதான் ஆட்டு ரோமத்துக்குச் செலவிடலாம். நீலகிரிக்கென்றே மெல்லிய ரோமமுள்ள ஓர் ஆட்டினம் உண்டு. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்க்கிறார்கள். அந்த ரோமம் நம் நெசவாளர் கைக்கு வந்து, நியாயமான விலையில் பனியனாகுமானால் மெரினோவைத் தேடி நாம் கப்பல் துறைக்குப் போக வேண்டியதில்லை.

கப்பல் என்றதும் மறுபடி காத்திவாக்கத்துக் கடல்தான் கண்ணில் நிற்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அப்போது படகும் வலையும் கறுத்துப் போயின. அந்த வலைகளை மீனுக்கும் வீச முடியவில்லை. வலை பின்னத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று வாடையில் சைக்கிள் மிதித்துத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் குளிர் தாங்கும் பனியன் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். அதற்கு வழி சொல்லிவிட்டோம். விரும்புகிறவர்கள் தாத்தாவின் வலையோடு கடலுக்கே திரும்பக்கூடிய சுத்தமான முகத்துவாரத்தைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.