தங்கச்சிக்கு ஒரு ஹெட்போன் வாங்கிய கதை



பிள்ளைகளுக்கு ஹெட்போன் வாங்குவது பற்றிக் கொஞ்ச நாளாகப் பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எங்கட வீட்டில் நடந்ததையே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கட கடைசித் தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். மாவனல்லையிலிருந்து கண்டிக்கு வகுப்புக்குப் போய் வருவதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் போகும். அந்த நேரத்தை வீணாக்காமல் ரெக்கோர்ட் பண்ணிய பாடங்களைக் கேட்டுக்கொண்டு போவாள். கெட்டிக்காரத்தனம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், "ராத்தா, ராவைக்குப் படுத்தா காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரிக் கேக்குது" என்றாள்.

காது, மூக்கு, தொண்டை டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் காதைப் பார்க்கும் முன்னமே கேட்ட முதல் கேள்வி, "எதில கேக்கிறீங்க, எங்க வச்சுக் கேக்கிறீங்க?" என்பதுதான். போனோடு வந்த சாதாரண பிளாஸ்டிக் இயர்போன். கேட்கும் இடம் பஸ். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் ஏறும்போது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். என்ஜின் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. சின்ன கியரில் அது உறுமும்போது பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது. அதற்கு மேல் பாட்டு வேறு. காதில் தொங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் இயர்போன் வெளிச் சத்தத்தை மறிப்பதே இல்லை. ஆகவே பிள்ளை பாடம் கேட்க வேண்டுமென்றால் பஸ்ஸை விடச் சத்தமாக சேரைக் கத்த வைக்க வேண்டும். வொல்யூமைக் கூட்டியது அவளுடைய குற்றம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். சிறுபிள்ளைகளுக்கு அதே 40 மணித்தியாலத்துக்கு 75 டெசிபல்தான். இதில் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபலுக்குப் போனால் வாரம் முழுதுக்கும் 4 மணித்தியாலம்தான் மிச்சம். எங்கட தங்கச்சிக்கு அது இரண்டு நாள் பயணம்.

டொக்டர் சொன்னது இரண்டு விடயம். கொஞ்ச நாளைக்குக் காதுக்குள் எதையும் செருகக் கூடாது. பிறகு கேட்பதாக இருந்தால் வெளிச் சத்தத்தை மறிக்கிற ஒன்றை வாங்கி மெதுவாகக் கேட்க வேண்டும். (ரப்பர் நுனி வைத்த இயர்போனும் நன்றாகத்தான் மறிக்கும், அதையும் சொல்ல வேண்டும். அவளுடைய காதின் உள்பக்கம் புண்ணாகி இருந்ததால் எங்களுக்கு அந்த வழி இல்லாமல் போனது.)

அப்படித்தான் பின்பக்கம் அடைத்த ஹெட்போன் தேடத் தொடங்கினோம். ஹெட்போனில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கப்பின் வெளிப்பக்கம் வலை மாதிரித் திறந்திருக்கும். அமைதியான அறையில் கேட்க அது அருமை. பஸ்ஸில் உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். மற்றது மூடி போட்ட பானை மாதிரி முழுதாக அடைத்தது. எங்களுக்குத் தேவை அதுதான்.

முதலில் ஏமாந்தோம். 2,200 ரூபாவுக்கு, பெட்டி முழுக்க "பாஸ்" என்று எழுதிய ஒரு பெரிய ஹெட்போன். கப்பில் அழகுக்கு என்று நினைத்த துளைகள் உண்மையான துளைகள். முன் சீட்டில் இருந்த அம்மையார் திரும்பி, "மகள், எனக்கும் உங்கட பாடம் கேக்குது" என்றாராம். பாஸைக் கூட்டி வைத்தால் பேச்சு தெளிவாக விளங்காது என்பதும் அப்போதுதான் உறைத்தது. பாடம் கேட்கும் பிள்ளைக்கு வேண்டியது மெய்யெழுத்துகள் விளங்குவது, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் இல்லை. ஆறு கிழமையில் இடப்பக்கம் செத்தது. வயர் முறிந்தது செருகும் நுனியில்தான், எல்லாருக்கும் முறிகிற அதே இடத்தில்.

கட்டாரில் இருக்கும் எங்கட மச்சான், பேயர்டைனமிக் டீடீ 770 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அனுப்பவா என்று கேட்டார். நல்ல சாமான்தான். ஆனால் அது 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. அவருக்குக் கிடைத்தது 250. அதைப் போனில் செருகினால் சத்தம் போதாது, தனியாக ஒரு அம்ப்ளிஃபையர் வேண்டும். போனுக்கு என்றால் 50 ஓமுக்குள் பார்ப்பது நல்லது.

சோனியின் இசட்எக்ஸ் 110ஐ ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தோம். மெல்லியது, மடித்து பேக்கில் வைக்கலாம், விலையும் குறைவு. ஆனால் அது காதைச் சுற்றி இருக்காது, காதுக்கு மேலே உட்காரும். ஷோலுக்கு மேல் போட்டால் வழுக்கிக்கொண்டே போகும்.

இந்த ஷோல் விடயத்தை எந்தக் கடைக்காரரும் எங்களிடம் சொல்லவில்லை. பின்பக்கம் எவ்வளவு அடைத்திருந்தாலும், முன்பக்கம் கப்பின் மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் சின்ன இடைவெளி இருந்தால் மறிப்பு போய்விடும். துணி மடிப்பு அந்த இடைவெளியைத் தருகிறது. கண்ணாடியின் காலும் தருகிறது. தங்கச்சி கண்டுபிடித்த வழி, உள்தொப்பியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கப்பை நேராகக் காதைச் சுற்றி வைத்து, அதற்கு மேலால் ஷோலைச் சுற்றுவது. தலை கொஞ்சம் பெரிதாகத் தெரியும். "பரவாயில்ல, பஸ்ல யார் பாக்கிறா" என்கிறாள்.

கடையில் சோதிக்க ஒரு லேசான வழி. ஆண் குரலில் ஒரு பேச்சைப் போட்டு, வொல்யூமைப் பாதியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் கப்பை மெதுவாக அமர்த்துங்கள். அமர்த்தும்போது குரல் சட்டென்று கனமானால், கையை எடுத்தபோது அது சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். கனம் மாறாவிட்டால் உங்கள் தலைக்குப் பொருந்துகிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கட தலையில் போட்டுப் பார்த்து அவளுக்கு வாங்கியதுதான் முதல் தடவை செய்த பிழை.

கடைசியில் எங்கட ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர், தான் பாவித்த ஓடியோ-டெக்னிகா எம் 20 எக்ஸை 9,000 ரூபாவுக்குத் தந்தார். காதை முழுதாகச் சுற்றி அடைக்கிறது, 47 ஓம், போனுக்குக் காணும். குறையும் இருக்கிறது. வயர் 3 மீற்றர், கழற்றவும் முடியாது. மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள். மைக் இல்லை. மெத்தைத் தோல் வியர்வைக்கு உரியத் தொடங்கியிருந்தது, அதை மட்டும் மாற்றினோம். கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில் மொழிக்கூடத்து ஹெட்போனைக் கழற்றினால் காதெல்லாம் கறுப்புத் துகளாக இருக்கும், அந்த ஞாபகம் வந்தது.

பிறகு ஒரு சின்னப் பரிசோதனை செய்தோம். வெவ்வேறு ஹெட்போன்களின் வொல்யூம் எண்ணை ஒன்றோடொன்று ஒப்பிடுவது சரியில்லை, ஒவ்வொன்றும் ஒரே அளவில் சத்தம் தருவதில்லை. ஆகவே வீட்டில் அமைதியாக இருக்கும்போது சுகமாகக் கேட்கும் படியையும், ஏற்றத்தில் பஸ்ஸுக்குள் தேவைப்படும் படியையும் எழுதச் சொன்னோம். பழைய இயர்போனில் 6இலிருந்து 13க்குப் போனாள். இதில் 7இலிருந்து 9. என்ஜினின் அடித்த உறுமல் இன்னும் உள்ளே வரத்தான் செய்கிறது, அடைத்த கப் மறிப்பது அதிகமாகப் பேச்சையும் கிரீச்சிடும் சத்தங்களையும்தான். உறுமலை அடக்கும் மின்சார வகைகள் எங்கட காசுக்கு எட்டவில்லை.

ஒரு பயம் புதிதாக வந்தது. நன்றாக மறித்தால் ஹோர்ன் சத்தமும் மறியும். ஆகவே இறங்கும் இடத்துக்கு முன்னமே கழற்றிக் கழுத்தில் போட வேண்டும், ரோட்டில் நடக்கும்போது அறவே இல்லை என்று சொல்லியிருக்கிறோம். பேராதனை தாண்டியதும் கழற்றிவிட்டேன் என்று ஒரு மெசேஜ் வரும். சில நாள் வராது. அன்றைக்கு வீட்டில் சத்தம் வரும்.

சில்வண்டு இன்னும் முழுதாக நிற்கவில்லை. குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனதெல்லாம் திரும்பி வருமென்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார் டொக்டர். துஆச் செய்யுங்கள்.

ஊரில் யாராவது வாங்க நினைத்தால், இதை முதலில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்போம். பிள்ளையும் வர வேண்டும், வகுப்புக்குப் போடும் அதே ஷோலோடு, கண்ணாடியோடு.