குட்டைக்குள் கூட்டுக் குடித்தனம்

கூட்டுக் குடித்தனத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால், மூன்றாவதாகப் பாகப் பிரிவினைப் பத்திரம் எழுத வேண்டியதுதான் என்பது அனுபவசாலிகளின் வாக்கு. மனிதர்களைப் பொறுத்த வரையில் நாம் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் மீனும் இறாலும் ஒரே குட்டையில் நடத்தக்கூடிய குடித்தனம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். வாசகர்களில் இறால் என்ற பேச்சை எடுத்தாலே மூக்கைப் பிடித்துக் கொள்கிறவர்கள் இருக்கலாம். அவர்களும் தயவு செய்து மேலே படிக்க வேண்டும். விஷயம் நாக்கைப் பற்றியதல்ல. கடனையும் கிணற்று நீரையும் பற்றியது.

நாகப்பட்டினம் ஜில்லாவின் கடலோரக் கிராமம் ஒன்றில் நாம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதித்து வருகிறோம். நாம் சிறுவனாயிருந்த காலத்தில், அதாவது 1990-ஐ அடுத்த வருஷங்களில், இந்தக் கரையில் ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. நெல் விளைந்த நிலத்தையெல்லாம் வெட்டி, உப்பு நீரை நிரப்பி, வரி இறாலை வளர்க்கலானார்கள். இறால் கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போயிற்று; பணம் திரும்பி வந்தது. நான்கே மாதச் சாகுபடியில் மாடி வீடு எழுப்பியவர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். பக்கத்து வயல்களில் உப்புப் பூத்ததையும், குடிதண்ணீர்க் கிணறுகள் கரித்துப் போனதையும், நடவு வேலை போய்க் கூலிப் பெண்கள் வெறுங்கையுடன் நின்றதையும் பார்த்தோம்.

1994-ம் வருஷக் கடைசியில் கிழக்குக் கரையில் வெண்புள்ளி நோய் தோன்றியது. ஓட்டின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பத்து நாட்களுக்குள் குட்டை முழுவதும் பிணக்காடாகிவிடும். இன்று வரையில் அதற்கு மருந்து கிடையாது. மாடி வீடுகள் பல கைமாறின. சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996, டிசம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்கு மண்டலத்துக்குள் இறால் தொழிற்பண்ணைகள் கூடாது என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, பரம்பரை முறையிலும் அதைச் சீர்திருத்திய முறையிலும் நடப்பவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. பின்னர் 2005-ல் தனிச் சட்டம் வந்தது. 2009-ல் வெனாமி என்னும் அந்நிய தேசத்து இறாலுக்கு அநுமதி கிடைத்தது. அதில் சதுர மீட்டருக்கு அறுபது குஞ்சு வரையில் விடலாம் என்பது விதி. ஒரு சிறிய மேஜையின் பரப்பில் அறுபது பேர் உண்டு உறங்கி வாழ வேண்டும்!

அந்தப் பரம்பரை முறை என்பதுதான் என்ன? ஜாவாத் தீவின் கடலோரத்தில் 'தம்பாக்' என்று சொல்லப்படும் உவர்நீர்க் குளங்கள் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றன. 1400-ம் ஆண்டையொட்டிய பழைய ஜாவாச் சட்டம் ஒன்றிலேயே, அக்குளத்து மீனைத் திருடுகிறவனுக்குத் தண்டனை விதித்திருக்கிறதாம். திருடன் தேடி வருகிற தொழில் என்றால் லாபமுள்ள தொழிலாகத்தான் இருக்க வேண்டும். அங்கே பால் கெண்டையை வளர்த்தார்கள். அலையோடு மதகு வழியாக வந்த இறால் அதனுடன் சேர்ந்து வளர்ந்தது. வங்காளத்து 'பேரி'களிலும் இவ்வாறே மடவையும் கொடுவாவும் இறாலும் ஒரே நீரில் வளர்ந்து வந்தன.

இதன் சூட்சுமம் எளிதானது. இறாலுக்குப் போடும் தீனியிலுள்ள புரதச் சத்தில் சுமார் கால் பங்குதான் அதன் உடம்பில் ஒட்டுகிறது. மிச்சம் சேறாகவும் நஞ்சாகவும் குட்டையிலேயே தங்குகிறது. அதை உண்டு பாசி கொழுக்கிறது. பாசி அதிகமானால் விடியற்காலையில் நீரிலுள்ள பிராணவாயு வற்றிவிடும். பால் கெண்டைக்கு அந்தப் பாசிதான் பட்சணம். மடவையோ அடிமண்ணைத் துழாவி மக்கியதைத் தின்று வாழ்வது. ஆக, ஒருவர் வீட்டுக் குப்பை மற்றொருவர் வீட்டுச் சாப்பாடாகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. இறாலுக்குச் செத்த இனத்தாரைத் தின்னும் கெட்ட பழக்கம் இருக்கிறது. வெண்புள்ளி நோய் பரவுவதற்கு அது முக்கியமான வழி. மீனுக்கு அந்த நோய் ஒட்டுவதில்லை. நோயுற்றுத் தள்ளாடும் இறாலை மீன் முந்திக்கொண்டு விழுங்கிவிட்டால், மற்ற இறால்கள் தப்பிப் பிழைக்கின்றன. சீனாவில் புல் கெண்டையைக் கொண்டு இதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் தேசத்து நீக்ரோஸ் தீவிலோ, இருட்டில் ஒளி விடும் ஒருவகைப் பாக்டீரியா 1990-களில் இறால்களை அழித்தது. நம்மவர் 'ஜிலேபி' என்று செல்லமாக அழைக்கும் திலேப்பியா மீன் வாழ்ந்த பச்சை நீரை அங்குள்ள பண்ணைக்காரர்கள் இறால் குட்டைக்குப் பாய்ச்சினார்கள். அந்த நீரில் கிருமி தலையெடுக்கவில்லை என்பதை ஆராய்ச்சியாளர்களும் பிற்பாடு உறுதி செய்தார்கள்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி வந்ததன் பலன், சென்ற வருஷம் ஒரு மாலை நம்மிடம் படிக்கும் பையனின் தகப்பனார் கணக்கு நோட்டுடன் வந்து நின்றார். இரண்டு ஏக்கர் குட்டைக்குச் சொந்தக்காரர். அடுத்தடுத்து இரண்டு சாகுபடி நோயில் போய்விட்டது. மனைவியின் நகை அடகிலிருந்தது. பையனைப் பதினோராம் வகுப்பில் சேர்ப்பதா, குட்டைக் காவலுக்கு வைத்துக்கொள்வதா என்பது அவருடைய கவலை.

"ஸார், மீனை விட்டா எறா தீனிய அது தின்னுபுடாதா?" என்று கேட்டார்.

"எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கொடுவாவை விட்டால் தீனி என்ன, இறாலையே விடாது. திலேப்பியாவும் தீனிக்குப் போட்டி போடும். அதை வலைத் தடுப்புக்குள்தான் வைக்க வேண்டும். பால் கெண்டைக்குப் பல்லே கிடையாது" என்றோம்.

"பல்லில்லாததுக்கு வெல ஏது, ஸார்?"

நியாயமான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இறால் நான்கு மாதத்தில் தேறிவிடும். பால் கெண்டை அரைக் கிலோ எடைக்கு வர ஏழெட்டு மாதமாகும். ஆகையால் நன்றாக வளர்ந்த குஞ்சாகப் பார்த்து விடவேண்டும். இறால் குஞ்சு முன்போல் நெருக்கமாக விடக்கூடாது. அறுவடையில் இரண்டையும் பிரித்தெடுக்கக் கூலி அதிகமாகும். நல்ல வருஷத்தில் தனி இறால் தரும் லாபத்தை இது தராது. ஆனால் கெட்ட வருஷத்தில் கை முழுவதும் காலியாகாது. இரண்டு முறை காலியான கையுடன் வந்தவருக்கு இந்தக் கடைசி வாக்கியத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் அப்படியே செய்தார். இறால் குறைவாகத்தான் கிடைத்தது, தீனிச் செலவும் குறைந்தது, தண்ணீர் கெடவில்லை. நகையில் பாதி வீடு திரும்பியிருக்கிறது. பையன் பதினோராம் வகுப்பில் முன் பெஞ்சில் உட்காருகிறான். ஒரு குட்டையின் ஒரு சாகுபடியைக் கொண்டு சித்தாந்தம் ஸ்தாபிக்க நாம் முற்படவில்லை. பக்கத்து இரண்டு குட்டைக்காரர்கள் வந்து விசாரித்துப் போனார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நடைபெறுகிறது. 2015-ல் அங்கே பால் கெண்டையை அடைப்பிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தார்கள். எனவே குஞ்சுக்குக் கடலையே நம்பியிருந்த கஷ்டம் தீர வழி பிறந்திருக்கிறது. ஆனால் வளர்த்த மீனை வாங்குவார் வேண்டுமே! இறாலை வாங்க அமெரிக்கா இருக்கிறது. பால் கெண்டையை நம் ஊர்ச் சந்தைதான் வாங்க வேண்டும். முள் அதிகம் என்று நம்மவர் முகத்தைச் சுளிக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் அதே மீனின் முள்ளைப் பக்குவமாக எடுத்து விற்கிறார்கள். ஜனங்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

மீன் சமைக்கும் குடும்பங்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது, "பால் கெண்டை இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பதினோராவது நாள் வரவழைப்பார். மற்றக் குடும்பத்தாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கடலோரக் கிராமத்தில் உறவினர் இருந்தால், அவர்கள் வீட்டுக் கிணற்று நீர் இப்போது எப்படியிருக்கிறது என்று விசாரித்துக் கடிதம் எழுதலாம்.