பந்து தாங்கும் பாரம்

மார்ச் 3, திங்கள்

இடுப்பு பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல், 'அசையாமல் படு'. அக்கறையில் பிறந்த சொல்தான். ஆனாலும் அது தவறு. 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முதுகுவலிக்காரர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாளும் மற்றவர்களை ஏழு நாளும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் பிரிவினர் இழந்த வேலைநாட்கள் 45 சதவீதம் குறைவு. அதிகம் படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. 1995இல் வெளியான ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் பற்றிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படுத்திருந்தவர்களையும் முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்துவந்தவர்களே விரைவில் தேறினார்கள். இதை, இடுப்புவலிக்குப் பயன்படுத்தும் காற்றடைத்த பெரிய பயிற்சிப் பந்துக்கு எதிரான சாட்சி என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். வலி வெடித்த முதல் சில நாட்களுக்கு அது உண்மையும்கூட. அப்போது வேண்டியது பந்து அல்ல, எழுந்து நடமாடுவது. பந்துக்கான வேளை, வலி வாரக்கணக்கில் இழுத்து, குனியவே மனம் அஞ்சத் தொடங்கும்போதுதான் வருகிறது.

மார்ச் 4, செவ்வாய்

அந்த அச்சம்தான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். வலித்த உடம்பு அசைவைத் தவிர்க்கிறது; தவிர்க்கத் தவிர்க்கத் தசைகள் இறுகி வலுவிழக்கின்றன; பிறகு சிறிய அசைவும் வலிக்கிறது. இந்தச் சுழற்சியை அறுக்க, உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை வேறொன்று தாங்கினால் உதவியாக இருக்கும். பந்து அதைத்தான் செய்கிறது. 1963இல் அக்விலினோ கொசானி என்ற இத்தாலிய பிளாஸ்டிக் உற்பத்தியாளர் உருவாக்கிய இந்தப் பந்தை, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மேரி குவின்டன் குழந்தைகளின் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். பாசல் நகரின் சுசான் கிளைன்-ஃபோகல்பாக் பெரியவர்களின் எலும்பு, தசைக் கோளாறுகளுக்குக் கொண்டுவந்தார். தசை முறுக்கேற்றும் கருவியாக ஜிம்முக்குள் நுழைவதற்கு வெகுமுன்பே, அசையத் தயங்கும் உடம்புக்குத் துணையாக இருந்தது அது. வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் இந்தப் பழைய பயனையே நினைவில் வைக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பந்தில் தனிச்சிறப்பு என்ன, நடந்தால் போதாதா என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. நாள்பட்ட இடுப்புவலிக்கான பயிற்சிகள் பற்றி 2021இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 249 ஆய்வுகளைத் தொகுத்தது. பயிற்சி செய்தவர்களின் வலி, சிகிச்சை இல்லாதவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட, 100 புள்ளி அளவில் சராசரியாக 15 புள்ளி குறைந்திருந்தது. அந்தப் பலன் பயிற்சிக்கு உரியது. பந்துக்கு மட்டும் உரியதல்ல. நடக்க முடிகிறவர் நடக்கட்டும். நடையைத் தொடங்கவே தயங்குபவருக்குப் பந்து ஒரு படிக்கட்டு. 'ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் என்று வந்திருக்கிறதே' என்பது அடுத்த தயக்கம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் அந்தத் தேய்மானம் இருந்தது. நரைமுடியைப் போல வயதோடு வரும் மாற்றத்தை, அசையக் கூடாது என்ற தீர்ப்பாக வாசிக்க வேண்டியதில்லை. இடுப்பு பெல்ட் எளிதல்லவா என்றும் கேட்பார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பெல்ட்டை வழக்கமாக அணிவதைப் பரிந்துரைக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இவ்வளவும் ஒப்புக்கொண்டால், செய்முறை மென்மையாகத்தான் இருக்க முடியும். பாயில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களைப் பந்தின் மேல் வைத்து, முழங்கால்களை இடமும் வலமுமாகச் சிறிதளவு சாய்ப்பது முதல் பயிற்சி. கால்களின் பாரத்தைப் பந்து ஏற்பதால் இடுப்பு தளர்கிறது. அது பழகியபின், மண்டியிட்டு இரு கைகளையும் பந்தின் மேல் வைத்து மெல்ல முன்னே உருட்டலாம். பிட்டம் குதிகாலை நோக்கி இறங்க, முதுகு நீள்கிறது. பந்தில் அமர்ந்து இடுப்பை முன்னும் பின்னும் சாய்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். விழுந்துவிடுவோமோ என்ற கவலை நியாயமானது: வழுக்கும் டைல்ஸ் தரை வேண்டாம், சுவரோரம் வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. சுமார் ஐந்தடி முதல் ஐந்தரை அடி உயரத்தினருக்கு 55 செ.மீ. பந்தும், அதைவிட உயரமானவர்களுக்கு 65 செ.மீ. பந்தும் பொதுவாகப் பொருந்தும். எலும்பு மெலிந்தவர்கள் பந்தின்மேல் பின்னோக்கி வளைவதைத் தவிர்க்க வேண்டும். காலில் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பந்தைத் தொடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்கள், இலேசான இழுப்பு வந்தால் பயப்படாமலும், வலி கூடிக்கொண்டே போனால் பிடிவாதம் பிடிக்காமலும், நாளுக்குப் பத்து நிமிடம் செய்தால் போதும். குனிந்து வாளியைத் தூக்கும்போது கை தயங்காமல் போகிறதா என்பதே பலனை அளக்கும் அளவுகோல். அந்த நாள் வந்தபின் பந்து மூலையில் கிடந்தாலும் பரவாயில்லை. நடை மட்டும் நிற்கக் கூடாது.